சீருடைக் கட்டத்தில் பதினான்கு மோசம்

வார்த்தையை எண்ணாக மாற்றுவதுதான் என் வேலை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். முழுதாகச் சொன்னால் ஒன்று புரியாது, இல்லாவிட்டால் "இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்பார்கள். இரண்டுக்குமே எனக்குக் கோபம் வரும்.

நான் இருப்பது ஒரு தொண்டு நிறுவனத்தின் பெரம்பலூர் அலுவலகம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்க் கைகால் பயிற்சி கொடுக்கும் பெண்கள் ஆறு பேர் எங்களிடம் இருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து எண்பது வீடு. வருடத்துக்கு ஒரு முறை அந்த எண்பது வீட்டுக்கும் ஒரு படிவம் போகும். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, பயிற்சியைப் பொறுமையாகச் சொல்லித் தருகிறாரா, மரியாதையாகப் பேசுகிறாரா, சுத்தமாக இருக்கிறாரா, சீருடை அணிந்து வருகிறாரா என்று ஐந்து கேள்விகள் வீட்டுக்கு வரும் பெண்ணைப் பற்றி. ஆறாவது கேள்வி, அலுவலகத்துக்குப் போன் செய்தால் கிடைக்கும் உதவி எப்படி என்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். அதில் மிக நன்று, நன்று, சுமார், குறை உண்டு, மோசம் என்ற ஐந்தில் ஒன்றை எழுத வேண்டும்.

அலுவலகத்தில் போன் எடுப்பவள் நான்தான். ஆக ஆறாவது கேள்வி என்னைப் பற்றியது. எண்பது வீட்டிலும் ஒரே மாதிரி 'நன்று' என்று எழுதியிருப்பார்கள். என் முகத்தைப் பார்த்தவர்கள் அதில் பத்துப் பேர்கூட இல்லை. கடைசிக் கேள்வி என்பதால் கை போன போக்கில் எழுதுகிறார்கள் என்று தெரிந்தும் அந்த 'நன்று'களை டைப் செய்யும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

சென்னையில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வார்த்தை ஆகாது. மிக நன்றுக்கு ஐந்து, நன்றுக்கு நான்கு என்று இறங்கி மோசத்துக்கு ஒன்று என எண்ணாக மாற்றி அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எக்ஸெல்லில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிரில், 'நன்று' வரும் இடத்திலெல்லாம் 4 போடு என்று ஒரே அடியில் மாற்றிவிட்டேன். 'மிக நன்று' எல்லாம் 'மிக 4' ஆகிவிட்டது. அதுவும் எனக்குத் தெரியவில்லை. எழுத்து கலந்திருந்தால் எக்ஸெல் அந்தக் கட்டத்தைச் சராசரியில் சேர்க்காது. யார் யாருக்கெல்லாம் மிக நன்று வந்திருந்ததோ அவர்களுடைய பெருமை முழுவதும் சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. எங்கள் கோஆர்டினேட்டர் சார்தான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் நான் ஏதாவது தப்பு செய்தால் "மிக நாலா?" என்றுதான் கேட்பார்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன். ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியல் வைத்து, எந்த வார்த்தைக்கு எந்த எண் என்று எழுதி, அதிலிருந்து தேடி எடுக்கும்படி ஃபார்முலா போட்டுக்கொண்டேன். வார்த்தை பட்டியலில் உள்ளபடியே அச்சாக இருந்தால் எண் வரும். ஒரு எழுத்து கூடக்குறைய இருந்தால் பிழை காட்டும். மோசத்துக்குரிய ஒன்று வந்தால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும்படியும் செய்திருந்தேன். அதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

போன வருடம் முதலில் வந்த கட்டு லப்பைக்குடிக்காடு. டைப் செய்து முடித்தால் பாதிக் கட்டத்தில் பிழை. என்னவென்று பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் 'மிக நன்று' என்று எழுதி அதோடு நிறுத்தவில்லை. பக்கத்திலேயே 'மாஷா அல்லாஹ்' என்றும் எழுதியிருந்தார்கள். நானும் பார்த்ததைப் பார்த்தபடி டைப் செய்திருக்கிறேன். என் பட்டியலில் 'மிக நன்று மாஷா அல்லாஹ்' என்று ஒரு மதிப்பீடு கிடையாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் என்னவாம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்த கட்டத்திலெல்லாம் அழகாக ஐந்து வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை செந்துறைப் பக்கத்துக் கட்டைப் பிரித்தேன். பதினான்கு வீடு. அங்கே போய்வரும் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வயசு இருக்கும். கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர், ஆறு மாதப் பயிற்சி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். அவர் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் தான்தான் என்று என்னிடமே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் நான்கு கேள்விக்கும் பதினான்கு வீட்டிலும் மிக நன்று. ஐந்தாவது கேள்வி, சீருடை. பதினான்கிலும் மோசம்.

என்டர் தட்டத் தட்ட அந்த ஒரு வரிசை மட்டும் மேலிருந்து கீழே சிவந்துகொண்டே வந்தது. தலைமை அலுவலகத்து விதி இதுதான்: ஐந்தில் எந்த ஒரு கேள்வியிலாவது சராசரி இரண்டுக்குக் கீழே போனால் அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மற்ற நான்கில் முழுதாக ஐந்து வாங்கியிருந்தாலும் சரி, வேலை போய்விடும்.

கோஆர்டினேட்டர் சார் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"மிக நாலா?"

"இல்ல சார். பேப்பர்லயே அப்பிடித்தான் இருக்கு."

படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சீருடை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"பதினாலு வூட்டுலயும் பொய்யா சொல்லுவாங்க? கோட்டு போடாமத்தான் போவுதா அந்தம்மா?"

அந்த வெளிர்நீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையும் இல்லாமல் அந்த அக்காவை நான் பார்த்ததே கிடையாது. மாதக் கூட்டத்துக்கு வரும்போதுகூட மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவார். வெயிலில் கழற்றிவைக்கச் சொன்னால், "இருக்கட்டும் மேடம், இதுக்குத்தானே இத்தன கஷ்டப்பட்டுப் படிச்சேன்" என்பார். அவரையே போனில் பிடித்தோம். ஸ்பீக்கரில் போட்டார் சார்.

"சார், நான் கோட்டு போடாம ஒரு நாளும் போனதில்ல சார். காயலன்னா ஈரத்தோட போட்டுட்டுப் போயிருக்கேன். யாரு சார் அப்பிடி எழுதினது?"

யார் என்று எப்படிச் சொல்வது? எல்லோரும்தான். சார், "பாக்குறேம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த அக்கா "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். அந்த 'சரிங்க சார்' எனக்கு அன்று முழுவதும் காதில் இருந்தது.

தவறுதலாக எழுதியிருந்தால் அந்த வீட்டுக்காரர்களே புதுப் படிவத்தில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலாம். ஆனால் திங்கட்கிழமை மதியத்துக்குள் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இருப்பது இருந்தபடி சென்னைக்குப் போய்விடும். சார் பதினான்கு வெற்றுப் படிவங்களை எண்ணி என் மேஜையில் வைத்தார். போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை காலை அரியலூர் பஸ் ஏறினேன். ஊரிலுள்ள எரிச்சல் எல்லாம் என்னிடம்தான் இருந்தது. அரியலூரில் இறங்கிச் செந்துறை பஸ்ஸுக்கு நின்றபோது சிமெண்டு லாரிகள் கிளப்பிய புழுதி முழுவதும் என் முகத்தில். நான்கு கேள்விக்குத் தலைமேல் வைத்துக் கொண்டாடிவிட்டு ஐந்தாவதில் இப்படிக் காலை வாரிவிடுவார்களா மனிதர்கள்? போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பதினான்கு படிவங்களில் ஒன்பது ஒரே கையெழுத்தில் இருந்ததால் முதலில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். முப்பது வயதுப் பெண். பிளஸ் டூ படித்தவள். எழுதத் தெரியாத மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அவள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் கட்டட வேலை செய்தபோது சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். இரண்டு வருடம் படுக்கையிலேயே கிடந்திருக்கிறார். நான் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாலு வார்த்தையில் பாதி அங்கேயே போய்விட்டது.

"ஏம்மா, அந்த அக்கா கோட்டு போட்டுத்தானே வர்றாங்க?" என்று கேட்டேன்.

"போட்டுத்தான் வருவாங்க. அது இல்லாம எப்பிடி வருவாங்க?"

"அப்பறம் ஏன் மோசம்னு எழுதுன?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"எல்லாத்துக்கும் மிக நன்று மிக நன்றுன்னே எழுதுனா கண்ணு பட்டுடாதாக்கா? கொழந்தைக்குக் கன்னத்துல மை வைக்கிறதில்ல? அந்த மாதிரி ஒண்ணு இருக்கட்டும்னு போட்டோம். பேச்சுலயும் சுத்தத்துலயும் போட்டா அவங்க மனசு நோவும். கோட்டுதானே, அதுல போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு எல்லாருமா பேசித்தான் போட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. இந்த அக்காவுக்கு முன்னால் அங்கே வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு எல்லோரும் முழுதாக மிக நன்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் விழா வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். நான்தான் போட்டோ எடுத்தேன். அடுத்த வாரமே ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து அவர் வேலையை விட்டுவிட்டார். எங்களுக்கு அது விபத்து. பதில் ஆள் போட மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அந்தப் பதினான்கு வீட்டில் இருந்தவர்கள் அசையாமல் கிடந்திருக்கிறார்கள்.

"இவரு இப்பதாங்கா ஒக்காருறாரு" என்றாள் படிவம் எழுதிய பெண், வாசலில் இருந்த வீட்டுக்காரரைப் பார்த்து. "அந்தம்மாவுக்கு ஒண்ணுன்னா நாங்க என்ன பண்ணுவோம்?"

அப்போதுதான் லப்பைக்குடிக்காட்டுப் படிவங்கள் நினைவுக்கு வந்தன. அங்கே அவர்கள் பாராட்டையும் எழுதி, அதற்குக் கண் படாமல் காவலாக 'மாஷா அல்லாஹ்'வையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நான் காவலை அழித்துவிட்டுப் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். இங்கே காவலையே மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு ஒன்று போட்டுவிட்டேன். இரண்டு ஊருக்கும் நான் செய்த மரியாதை அவ்வளவுதான்.

விஷயத்தை விளக்கிச் சொன்னேன். இது இப்படியே போனால் அக்காவுக்கு வேலை இருக்காது என்றதும் அவர்கள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சரி, காரியம் முடிந்தது என்று புதுப் படிவங்களை எடுத்து நீட்டினேன். முடியவில்லை. யாரும் பேனாவை வாங்கவில்லை.

"மோசத்த எடுத்துடலாம். ஆனா அஞ்சுலயும் நல்லதாவே போட முடியாதுங்க" என்றார் அந்த அம்மா. "போன தடவ பட்டது போதும்."

"அப்ப சுமார்னு போடுங்க."

"சுமாருன்னா அது பொட்டு இல்லைங்க. நெசமாவே சுமாருன்னு ஆயிடும்."

வாதாடிப் பார்த்தேன். ரோட்டில் குழி இருந்ததால்தான் அந்தப் பெண் விழுந்தார் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், குழி இருந்தது உண்மைதான் என்று. அதற்காகப் பேனாவைத் தொடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? தங்களுக்கு வேண்டிய ஒருத்திக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயப்படுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

என் முகம் தெரியாமலே எழுதிய எண்பது 'நன்று' எனக்கு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஆறாவது கேள்வி இருக்குல்ல," என்றேன். "போன் உதவி. அதுல வைங்க பொட்ட."

"அது யாரு?"

"நான்தான். போன் எடுக்கறது நான். அதுல மோசம்னு போடுங்க. அஞ்சுலயும் மிக நன்று போட்டுடுங்க. ஒரே பேப்பர்தானே, ஒரு கரும்புள்ளி இருந்தாப் போதும்ல?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பேப்பர் என்பது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பிளஸ் டூ படித்த பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதாக்கா?"

"ஆபீஸ்ல ஒக்காந்து இருக்கறவளுக்கு என்ன ஆவப்போவுது?"

அது பொய். ஆறாவது கேள்வியின் சராசரி நான்குக்குக் கீழே போனால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். அந்த வருடச் சம்பள உயர்வும் கிடைக்காது. சேர்ந்த நாளிலிருந்து என்னுடையது நான்கைவிட்டு இறங்கியதில்லை. இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் எனக்கும் ஒரு பொட்டு தேட ஆரம்பித்திருப்பார்கள்.

வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் அவள் விஷயத்தைச் சொல்ல, அவர்கள் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்து, மோசம் என்று எழுதி, எழுதியதற்குப் பரிகாரமாக ஒரு டம்ளர் மோரோ டீயோ கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மனசுல வச்சுக்காதம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் பஸ் ஏறும்போது வயிறு முழுக்க மோர். படிவங்களை அவள் அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். முதலில் லப்பைக்குடிக்காட்டுக் கட்டை எடுத்தேன். ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு வரிசை புதிதாகச் சேர்த்து, நான் அழித்த 'மாஷா அல்லாஹ்'களை யார் யார் எழுதியிருந்தார்களோ அவரவருக்கு நேராகத் திரும்ப டைப் செய்தேன். சென்னையில் அந்த வரிசையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரியும். என் மனசு கேட்கவில்லை.

பிறகு செந்துறைக் கட்டு. ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. சீருடை வரிசையில் இருந்த சிவப்பு ஒவ்வொன்றாக மறைந்தது. பக்கத்து வரிசையில், என் வரிசையில், சிவப்பு ஒவ்வொன்றாக இறங்கியது. தெரிந்து வாங்கியதுதான். இருந்தாலும் மோசம், மோசம் என்று என் கையாலேயே என்னைப் பற்றி டைப் செய்யும்போது சுருக்கென்று இருந்தது. போனில் 'சரிங்க சார்' என்ற அந்த அக்காவுக்கு வெள்ளிக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சார் வந்து பார்த்தார். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "சென்னைக்கு இத எப்பிடிம்மா சொல்லுறது?" என்றார். சொல்ல வேண்டாம் சார் என்றேன். அவராகவே போனை எடுத்து அந்த அக்காவைக் கூப்பிட்டு, ஏதோ எழுத்துக் குழப்பம், சரியாகிவிட்டது, கவலைப்படாமல் வேலைக்குப் போங்கள் என்றார். மறுபடியும் அதே 'சரிங்க சார்' கேட்டது. இந்தத் தடவை அது அழுகையோடு வந்தது. ஒப்பந்தம் புதுப்பித்து வந்துவிட்டது. இன்றைக்கும் அவர்தான் அங்கே போய்வருகிறார்.

எனக்கு அடுத்த மாதமே விளக்கம் கேட்டு மெயில் வந்தது. இனிமேல் அழைப்புகளை உடனுக்குடன் எடுப்பேன், பொறுமையாகப் பேசுவேன் என்று எழுதி அனுப்பினேன். சம்பள உயர்வு வரவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் கடைசியாக எடுத்த படிவம் அந்தப் பிளஸ் டூ பெண்ணின் சொந்த வீட்டுடையது. பழகிப்போன கையால் அதற்கும் ஆறாவது கட்டத்தில் மோசம் என்று டைப் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். கண்ணில் ஏதோ உறுத்தவே தாளை மறுபடி பார்த்தேன். அதில் மோசம் இல்லை. மற்ற ஐந்து கேள்வியைப் போலவே ஆறாவதிலும் மிக நன்று என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை. நான் கடைசி வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது இருக்கலாம்.

அப்படியானால் பொட்டு எங்கே? தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. முன்பக்கமே ஆறாவது கேள்விக்கு நேராக, எந்தக் கட்டத்திலும் படாமல், தாளின் ஓரமாகக் கண்மையை விரலால் தொட்டு வைத்திருந்தாள். துணிப்பையில் உரசி அது கொஞ்சம் கலைந்திருந்தது.

டைப் செய்திருந்த மோசத்தை அழித்து மிக நன்று என்று அடித்தேன். பதின்மூன்று சிவப்புக்குக் கீழே ஒரு ஐந்து வந்தது. மைக்கு என் பட்டியலில் எண் இல்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்து, சார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.